பழைய கெப் வண்டி வாங்கும் முன்னர் பார்க்க வேண்டியவை



இப்போதெல்லாம் நாம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஐயா, பையன் ஒரு பழைய கெப் எடுக்கணும்னு சொல்றான், எடுக்கலாமா?" என்று அம்மாமார் கேட்கிறார்கள். கேள்வி நல்ல கேள்விதான். லயத்துக்குப் பின்னால் போடும் லீக்ஸ், கரட், போஞ்சியைச் சந்தைக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். ராத்திரியில் பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். சீமெந்து, விறகு, கோயில் திருவிழாச் சாமான் எல்லாவற்றுக்கும் 'ஹயர்' கிடைக்கும். கைக்குள்ளே ஒரு தொழில் இருந்தால் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு ஓட வேண்டியதில்லை.

ஆனால் அந்த வண்டிக்குக் கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? அப்பா முப்பது நாற்பது வருஷம் மலையிலே நின்று சேர்த்த சேமலாப நிதி. அம்மா ஓய்வு பெறும்போது கிடைத்த சேவைக்காலப் பணம். அக்கா வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அனுப்பிய காசு. சில வீடுகளில் அடகுக் கடையில் வைத்த தாலிக்கொடி. இந்தக் காசு ஒரு தடவைதான் கைக்கு வரும். மோசமான வண்டியில் போட்டால் திரும்ப வராது. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. 2020 மார்ச் மாதம் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல்தான் மறுபடியும் திறந்தார்கள். இடையிலே புது வண்டி வராததால் பழைய வண்டிகளின் விலை ஏறியது. ஓடி ஓடிக் களைத்த வண்டிகளுக்கும் பெயின்ட் அடித்து சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட வண்டிகள் இன்னமும் கை மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. வெளுத்ததெல்லாம் பால் இல்லை என்று நம் பெரியவர்கள் சொன்னது கெப் வண்டிக்கும் பொருந்தும்.

முதலாவது: தாள்களைப் பாருங்கள்

நிறைய பேர் முதலில் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்பார்கள். நாம் சொல்வது, முதலில் தாளைப் பாருங்கள். எஞ்சின் பழுதானால் செய்து எடுக்கலாம். தாள் பழுதென்றால் வண்டியே உங்களுடையது இல்லை.

பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கி நிதானமாக வாசியுங்கள். சொந்தக்காரர் பெயரும் உங்களுக்கு விற்கிறவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றுதானா? அதோடு, 'முழு உரிமையாளர்' என்ற இடத்தில் ஏதாவது லீசிங் கம்பனியின் அல்லது வங்கியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் அந்த வண்டிமேல் கடன் இருக்கிறது என்று அர்த்தம். கடன் தீர்ந்து, அந்தப் பெயர் நீக்கப்பட்ட பிறகுதான் முழுக் காசையும் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசம் முடிச்சுத் தாரேன்" என்ற வார்த்தையை நம்பிக் கொடுக்கக் கூடாது.

'ஓபன் பேப்பர்' என்று ஒரு பழக்கம் இருக்கிறது. முதல் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவர் பெயரை எழுதாமலே வண்டி நாலைந்து கை மாறும். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் ஒரு கெப் எடுத்தது. தகப்பனார் ஓய்வு பெற்று வந்த பணம் முழுவதையும் புரோக்கர் கையில் எண்ணிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் நன்றாக ஓடியது. நாலாவது மாதம் மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போதே லீசிங் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழைய சொந்தக்காரர் கட்டாமல் விட்ட தவணை. புரோக்கரின் போன் வேலை செய்யவில்லை. அந்தத் தகப்பனார் இப்போது அறுபது வயதைத் தாண்டி மறுபடியும் கைக்காசுக்குப் புல் வெட்டப் போகிறார். வண்டியில் ஒரு குறையும் இருக்கவில்லை. தாளில்தான் குறை.

அதனால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டி இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் கட்டி, பதிவு விபரத்தை எடுத்துப் பாருங்கள். செலவு சிறியது, கிடைக்கும் நிம்மதி பெரியது. பிறகு மற்றத் தாள்கள்: வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். வண்டி லொறி என்ற வகையில் பதிந்திருந்தால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் வருஷக்கணக்கில் எடுக்காமல் இருந்தால் நிலுவையும் தண்டமும் யார் தலையில் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் தேடிப் பார்த்துச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் விடக்கூடாது. இலக்கம் இருக்கும் இடத்தில் அரம் போட்ட அடையாளமோ வெல்டிங்கோ புதுப் பெயின்டோ இருந்தால், அந்த வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இரண்டாவது: செசியும் பொடியும்

கெப் வண்டிக்கு முதுகெலும்பு செசி. அதன்மேல்தான் எஞ்சினும் கேபினும் பெட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. சாக்கை விரித்துப் படுத்து, டோர்ச் லைட் பிடித்து அடியில் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

வெடிப்பு வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, கேபின் முடிந்து பெட்டி தொடங்கும் இடம். மற்றது, பின் ஸ்பிரிங் பட்டைகள் செசியோடு சேரும் இடம். அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டிகளில் இந்த இரண்டு இடமும்தான் முதலில் சொல்லும். அங்கே வெல்டிங் போட்டிருந்தால், கீல் அல்லது கறுப்புப் பெயின்ட் தடித்துப் பூசியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஸ்பிரிங் பட்டையில் ஒன்று உடைந்திருக்கிறதா, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

துரு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். கரையோரத்தில் மீன் ஏற்றிய வண்டிக்கு உப்புத் தண்ணீர் அடியெல்லாம் தின்றிருக்கும். நம் பக்கத்தில் உரம் ஏற்றிய வண்டியும் அப்படித்தான். உர மூட்டையிலிருந்து கொட்டுவது மழையில் கரைந்து பெட்டியின் மூலைகளிலும் செசியின் மேலும் தங்கி இரும்பைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும். ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டினால் 'டொக்' என்று பொத்தல் சத்தம் கேட்கும். பெட்டியில் பாய் அல்லது பலகை விரித்திருந்தால் தூக்கிப் பாருங்கள்.

சின்ன காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவு, மட்கார்ட், கேபின் தூண்களில் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும். புட்டி தடிப்பாகப் பூசிய இடத்தில் ஒட்டாது. கதவு இடைவெளிகள் மேலும் கீழும் ஒரே அளவா? கண்ணாடி ரப்பரில் பெயின்ட் தெறித்திருக்கிறதா? இவையெல்லாம் அடிபட்ட வண்டியின் அடையாளங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளையும் மறக்கக் கூடாது. 2016 மே, 2017 மே மாதங்களில் பெரிய வெள்ளங்கள் வந்தன. 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த வெள்ளமும் மண்சரிவும் நம் மலையகமே கண்டது. தண்ணீரில் நின்ற வண்டியைக் கழுவி விற்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்குக் கீழே ஆணிகள் துருப்பிடித்திருக்கும். லைட்டுக்குள் நீர் பூத்திருக்கும். உள்ளே ஒரு புழுங்கல் வாசனை அடிக்கும்.

மூன்றாவது: எஞ்சின்

வண்டியைப் பார்க்கப் போகும் நாளில் காலையில் வெள்ளெனப் போங்கள். "நாங்க வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேணாம்" என்று முதல் நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் குறை தெரியும். நுவரெலியாக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி மத்தியானம் கண்டியில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன்னர் எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்துப் பாருங்கள். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பாக இருப்பது சாதாரணம். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியையும் குளிராக இருக்கும்போது மட்டும் திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தாலும் அதே சந்தேகம்தான்: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் வெடித்திருக்கலாம். இது பெரிய செலவு. சூடான ரேடியேட்டரை ஒருநாளும் திறக்க வேண்டாம். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மலையில் ஓடும் வண்டிக்கு ரேடியேட்டர் ஏன் இவ்வளவு முக்கியம்? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை வரை போகாமல் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக இருந்து உள்ளே அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால்தான் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால், ஹோஸ் வெடித்திருந்தால், பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது வண்டி கொதிக்கும். இரண்டு தடவை கொதித்தால் ஹெட் போய்விடும்.

இனி ஸ்டார்ட் செய்து புகையைப் பாருங்கள்.

நீலப் புகை: எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ரிங், வால்வு தேய்ந்திருக்கும்.

கரும் புகை: டீசல் சரியாக எரியவில்லை. காற்று பில்டர் அடைத்திருக்கலாம், நொசில் அல்லது பம்ப் கெட்டிருக்கலாம்.

வெள்ளைப் புகை: குளிர் நேரத்தில் கொஞ்சம் வந்து நின்றால் பயமில்லை. சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக ஆவி வந்தால் பரவாயில்லை. ரயில் மாதிரி 'புஸ் புஸ்' என்று புகை தள்ளினால் எஞ்சின் உள்ளே தேய்ந்துவிட்டது.

டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய வண்டிகளும் உண்டு. டீசலுக்கு வழவழப்பு உண்டு, அதுதான் பம்பை உள்ளே தேயாமல் காக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு. அப்படி ஓடிய வண்டியின் பம்ப் சீக்கிரம் போகும். சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுத்தால், ஏற்றத்தில் இழுவை இல்லாவிட்டால் பம்பைச் சந்தேகியுங்கள்.

பழைய டொயோட்டா ஹைலக்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2எல், 3எல் டீசல் எஞ்சின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அதை 1,00,000 கிலோ மீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். எப்போது மாற்றினீர்கள், பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் வாங்கிய கையோடு மாற்றுவதற்குக் காசை ஒதுக்குங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் சேர்ந்து போகும்.

மைல் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதைத் திருப்பி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரேக் பெடலின் ரப்பர் வழுவழு என்று தேய்ந்து, ஸ்டியரிங் மினுமினுத்து, சாரதி சீட் குழி விழுந்து இருக்க, மீட்டர் மட்டும் 60,000 காட்டினால் எதை நம்புவது என்று நீங்களே யோசியுங்கள்.

நாலாவது: கிளச், கியர்

சமதரையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் கிளச் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. பாரத்தோடு ஏற்றம் ஏறாது.

ஓட்டும்போது ஒவ்வொரு கியராகப் போட்டு, கால் வைத்தும் எடுத்தும் பாருங்கள். இறக்கத்தில் கால் எடுத்ததும் கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் அந்த வண்டி நம் பாதைக்கு ஆகாது. கியர் கழன்றால் எஞ்சினின் பிடி போய்விடும், பிறகு முழுப் பாரமும் பிரேக்கின் மேல்தான்.

வண்டி அசையும்போது அடியிலிருந்து 'டக்' என்று ஒரு அடி கேட்டால் புரொப்பலர் ஷாப்டின் முட்டு தேய்ந்திருக்கலாம். வேகம் கூடக்கூடப் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் டிபரன்ஷலைப் பார்க்க வேண்டும். நாலு சில்லும் இழுக்கும் வண்டியென்றால் அந்த லீவரையும் போட்டுப் பாருங்கள். ஆனால் காய்ந்த தார் ரோட்டில் போட்டுத் திருப்ப வேண்டாம். மண் பாதையில் நேராக ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஐந்தாவது: பிரேக், ஸ்டியரிங்

இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். எஞ்சின் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால் வண்டி நிற்காது. கினிகத்தேனைப் பக்கம் இறங்கினாலும், றம்பொடையில் இறங்கினாலும், ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கினாலும் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம்.

எஞ்சின் ஓடும்போது பிரேக் பெடலை அழுத்தி அரை நிமிஷம் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பிறகு எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தடவை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தாழ வேண்டும். தாழாவிட்டால் பிரேக்குக்கு உதவி செய்யும் சேர்வோ வேலை செய்யவில்லை. சில்லுகளின் உள் பக்கம் ஈரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிரேக் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மாற்றாமல் விட்ட எண்ணெய் கறுத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியாகும்; பெடலை மிதித்தால் சும்மா கீழே போகும். காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் இறக்கத்தின் பாதியில் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஹேண்ட் பிரேக்கை ஏற்றத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் கட்டையோடு சில்லுக்குப் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

ஸ்டியரிங்கைச் சும்மா இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். முன் சில்லு திரும்பாமல் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வெறுமையாக ஆடினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. முன் சில்லை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கடக் கடக்' என்று அடித்தால் ஜொயின்ட் அல்லது பெயரிங் தேய்ந்திருக்கிறது.

டயர் உள் பக்கம் மட்டும் அல்லது வெளிப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் நேர் சரியில்லை, அல்லது செசி வளைந்திருக்கிறது. டயரின் வயதையும் பார்க்கலாம். ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது கிழமை செய்தது. பூ நன்றாக இருந்தாலும் பழைய டயரின் ஓரம் வெடித்திருக்கும்.

ஆறாவது: ஓட்டிப் பாருங்கள்

கடை வாசலில் ஒரு சுற்று சுற்றுவது ஓட்டிப் பார்ப்பது ஆகாது. குறைந்தது அரை மணித்தியாலம், ஏற்றமும் இறக்கமும் உள்ள பாதையில் ஓட்ட வேண்டும். சொந்தக்காரர் சம்மதித்தால் சில மூட்டைகளையும் ஏற்றுங்கள். ரேடியோவை நிறுத்திவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, சூடு காட்டும் முள் எங்கே நிற்கிறது, கருகல் வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். திரும்பி வந்து பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

கூடவே ஒரு கராஜ் பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் விற்கிறவருக்கோ புரோக்கருக்கோ வேண்டியவராக இருக்கக் கூடாது. ஒரு நாள் கூலியும் சாப்பாடும் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

ஏழாவது: காசு கொடுக்கும் நேரம்

"அண்ணே, இன்னும் ரெண்டு பேர் அட்வான்ஸோட நிக்கிறாங்க, இப்பவே முடிவு சொல்லுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். அவசரப்படுத்தும் இடத்தில் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, அப்பா அம்மாவோடு, வண்டி ஓட்டப் போகும் மகனோடு, மருமகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கையில் இருக்கும் காசு முழுவதற்கும் வண்டி வாங்கக் கூடாது. பத்துப் பங்கு காசு இருந்தால் எட்டுப் பங்குக்குள் வண்டியைப் பாருங்கள். மீதி இரண்டு பங்கு பெயர் மாற்ற, காப்புறுதி எடுக்க, எண்ணெயும் பில்டரும் பிரேக் ஷூவும் டயரும் மாற்ற வேண்டும். யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்கக் காசில்லாமல் நிற்கக் கூடாது.

காசு கொடுக்கும்போது சாட்சி வைத்து, கைப்பட எழுதி, இரு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் வங்கி மூலம் கொடுங்கள். பெயர் மாற்றும் படிவங்களைச் சொந்தக்காரரோடு சேர்ந்து நிரப்பி, தள்ளிப் போடாமல் திணைக்களத்தில் கொடுத்துவிடுங்கள். வண்டி யார் பெயரில் என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். அம்மாவின் பணத்தில் வாங்கிய வண்டி அம்மாவின் பெயரில் இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

ஞாபகத்தில் வைக்க

1. தாள் சரியில்லை என்றால் வண்டியைப் பார்க்கவே வேண்டாம்.
2. செசியில் வெடிப்பு, இலக்கத்தில் மாற்றம்: விட்டுவிடுங்கள்.
3. எஞ்சினைக் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து பாருங்கள்.
4. பிரேக்கில் சந்தேகம் இருந்தால் திருத்திக் காட்டும்வரை காசு இல்லை.
5. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள்.
6. பத்தில் இரண்டு பங்கு காசைக் கையில் வைத்திருங்கள்.
7. ஓபன் பேப்பரில் வாங்க வேண்டாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

இந்த வண்டிக்கு மாதத்தில் எத்தனை ஹயர் நிச்சயமாகக் கிடைக்கும்? டீசல், டயர், காப்புறுதி போக எவ்வளவு மிஞ்சும்? ஓட்டப் போகிறவரிடம் சரியான சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? மழை நாளில் வண்டி எங்கே நிற்கும்? பிள்ளைகளைப் பின் பெட்டியில் ஏற்றிப் போவதில்லை என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு வண்டி பார்க்கக் கிளம்புங்கள். வாசித்து முடித்ததும் இந்தத் தாளை லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். பதிவுச் சான்றிதழில் ஏதாவது விளங்காவிட்டால் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு நலன்புரி அறைக்கு வாருங்கள். காசு கொடுக்கும் முன்னர் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.